இரண்டு வகுப்புக்கு ஒரு ஸ்டெல்லா

1

அந்தமானின் மாயாபந்தருக்கு நான் வந்து இன்றோடு முப்பத்தொரு கப்பல் ஆகிறது. நம் ஊர்க் கணக்கில் ஒரு வருஷம். பத்து நாளைக்கு ஒரு கப்பல் என்றால் முப்பத்தாறு வந்திருக்க வேண்டும். ஐந்தைக் காற்றும் மழையும் சாப்பிட்டுவிட்டன. இங்கே யாரும் 'போன மாதம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'ரெண்டு கப்பலுக்கு முந்தி குழந்தை பிறந்தது' என்பார்கள். 'அடுத்த கப்பலுக்குள்ள கூரை மாத்திடணும்' என்பார்கள். நானும் அப்படியே ஆகிவிட்டேன். யாராவது வயதைக் கேட்டால் ஒரு நிமிஷம் கப்பலில் எண்ணப் பார்க்கிறேன்.

சாத்தூரிலிருந்து வரும் கடிதங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் இருக்கும். ஜெயிலைப் பார்த்தாயா? கல்யாணம் எப்போது? ஜெயில் இருப்பது போர்ட் பிளேரில். நான் அதற்கும் வடக்கே, ஒரு முழுநாள் படகுப் பயணத்தில் இருக்கிறேன். கல்யாணம் அதைவிடத் தொலைவில் இருக்கிறது. மூன்றாவது கேள்வியை என்னோடு ஆசிரியர் பயிற்சி முடித்த நீங்கள்தான் கேட்கிறீர்கள்: அங்கே என்ன பாடத்திட்டம்? அதற்குத்தான் இந்தப் பதில். நீளமாக இருக்கும். கப்பல் வர இன்னும் நான்கு நாள் இருப்பதால் எழுத நேரமும் இருக்கிறது.

உங்களுக்கு என்னைத் தெரியும். கல்விக் கமிஷன்களின் வரலாற்றை நீங்கள் பரீட்சைக்காகப் படித்தீர்கள்; நான் தொடர்கதை மாதிரி படித்தேன். வெள்ளைக்காரன் குமாஸ்தா தயாரிப்பதற்காக வைத்துவிட்டுப் போன பள்ளிக்கூடத்தை என்ன செய்வது என்று ஒரு தேசமே உட்கார்ந்து யோசிக்கிறது, அந்த யோசனையின் ஒரு மூலையை நானும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூலைதான் கிடைத்தது. தேசப்படத்தில் கடைசியாக, இடம் போதாமல் தனிப் பெட்டி போட்டு வரைவார்களே, அந்த மூலை.

2

டில்லியில் பிறக்கும் கல்விக் கொள்கை எங்களுக்கு ஒரு கித்தான் சாக்கில் வந்து சேர்கிறது. சாக்கைக் கப்பலிலிருந்து இறக்கி, ஹெட்மாஸ்டர் நாயர் சாரின் மேஜைக்கு அடியில் வைப்பார்கள். அவர் உடனே திறக்க மாட்டார். கப்பல் சங்கு ஊதி, இறங்குதுறையான ஜெட்டியை விட்டு, திருப்பத்தில் மறைந்த பிறகுதான் கயிற்றில் கை வைப்பார்.

வந்த புதிதில் நான் துடித்துப்போனேன். "சார், அவசரமா ஏதாவது இருக்கப்போகுது."

"அவசரம்னா அவன் எதுக்குக் கப்பல்ல அனுப்புறான் மாஷே?" என்றார். "இப்பத் திறந்தா பதில் எழுதணும். எழுதினா இதே கப்பல்ல போயிடும். போனா அங்கேருந்து வேற ஒண்ணு கேப்பான். இப்போ பத்து நாள் சமாதானம் இருக்கு, கேட்டோ."

போன மழைக்காலத்தில் மூன்று கப்பல்கள் வரவில்லை. நான்காவது வந்தபோது சாக்கு கர்ப்பிணி போல இருந்தது. உள்ளே இருந்த சர்க்குலர்கள் வெவ்வேறு காலத்தவை. சில போர்ட் பிளேரிலேயே பல மாதம் உறங்கியவை. நாயர் சாருக்கு ஒரு முறை உண்டு: கைக்கு எது முதலில் வருகிறதோ அதை முதலில் அமல்படுத்துவார். தேதி பார்ப்பதில்லை. தேதி பார்த்தால் எல்லாமே காலாவதியாக இருக்கும் என்பது அவர் அனுபவம்.

திங்கட்கிழமை வெளியே வந்தது ஆதாரக் கல்வி. பிள்ளைகள் நூல் நூற்க வேண்டும். மாயாபந்தரில் பஞ்சுக்கு எங்கே போவது? தேங்காய் மட்டைதான் மலைபோல் கிடந்தது. கயிறு திரித்தோம். புதன்கிழமை வந்த சர்க்குலர், நூற்பு பட்டணத்துப் பள்ளிகளுக்கே பொருந்தும், கிராமத்துக்குத் தோட்டவேலை என்றது. மரவள்ளி நட்டோம். வெள்ளிக்கிழமை வந்தது, கைத்தொழில் நேரம் முழுவதும் இனிப் பொது விஞ்ஞானத்துக்கு என்றது. நட்ட மரவள்ளியைப் பிடுங்கி, வேர், தண்டு, கணு என்று பாகம் குறித்தோம். சனிக்கிழமை சாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசித் தாளை எடுத்தார். இனி வரும் சர்க்குலர்களை மறு உத்தரவு வரும்வரை அமல்படுத்த வேண்டாம் என்று அதில் இருந்தது.

நாயர் சார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இவன் முதல்லயே வந்திருக்கலாம்," என்றார்.

நான் கேலி செய்வதாக நினைக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கயிறு திரிக்கத் தெரியும், மரவள்ளி நடத் தெரியும், வேரைப் படம் வரையத் தெரியும். நம் ஊரில் இதே பாதையைக் கடக்க எத்தனை வருஷம் பிடித்தது? நாங்கள் ஒரே வாரத்தில் கடந்தோம்.

3

பள்ளிக்கூடம் குன்றின் மேல் ஒரு நீளத் தகரக் கூரை. அதன் கீழே மூன்று பிரிவுகள்: ஹிந்தி, வங்காளம், தமிழ். நடுவே மூங்கில் தட்டி. புத்தகங்கள் டில்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகின்றன. தட்டி வழியே எல்லாம் எல்லாருக்கும் கேட்கும். என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஆத்திசூடியில் திக்கினாலும், பக்கத்து வகுப்பின் வங்காளப் பாட்டைத் தண்ணீராகச் சொல்வார்கள். அர்த்தம் கேட்டால் தெரியாது. ராகம் சுத்தமாக இருக்கும்.

தட்டிக்கு வெளியே வந்தால் எல்லாரும் ஹிந்திதான். அதுவும் டில்லிக்காரர் கேட்டால் கண் கலங்கும் ஹிந்தி. ஆண்பால் பெண்பால் எல்லாம் கடலில் போட்டாயிற்று. என் வகுப்புச் சரவணன், மர ஆலை மேஸ்திரி வீட்டுப் பையன், கால் இடறி விழுந்தால் "அம்மா" என்பான். அதோடு தமிழ் முடிந்தது. எழுந்து நின்று கல்லைத் திட்டுவது ஹிந்தியில்.

சென்னைப் புத்தகத்தில் ரயில் பயணம் என்று ஒரு பாடம். நடத்திக்கொண்டிருந்தபோது சரவணன் கையைத் தூக்கினான்.

"சார், ரயில் டூப் கயா தோ?"

"முழுகாதுடா."

"எப்படி சார் முழுகாது?"

"அது தண்ணியில போகாது. தரையிலதான் போகும்."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப அது எதுக்கு சார்?"

புத்தகத்தை மூடினேன். படம் வரையச் சொன்னேன். எல்லா ரயிலிலும் நங்கூரம் இருந்தது.

பிள்ளைகளை மட்டும் சொல்வானேன். நானே வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் 'நான் டீக்காக இருக்கிறேன்' என்று எழுதிவிட்டேன். நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் கை அப்படிப் போய்விட்டது. டீக் என்றால் என்ன வியாதி, காய்ச்சலோடு வருமா என்று விசாரித்து அம்மா பதில் போட்டாள். அதோடு ஒரு முறுக்கு டின்னும் அனுப்பினாள். அது பிற்பாடு உதவியது.

4

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வகுப்பில் ஒரு தாய்மொழிக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தால் அந்த மொழியில் கற்பிக்கலாம். ஆசிரியர் உண்டு, புத்தகம் உண்டு. பத்து இல்லையென்றால் பிரிவைக் கலைத்து ஹிந்தியில் சேர்க்க வேண்டும். நல்ல விதி என்று பயிற்சிப் பள்ளியில் நானே பேசியிருக்கிறேன். அப்போது நான் பத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்தேன்.

என் நான்காம் வகுப்பில் பதினொரு பேர் இருந்தார்கள். இருபத்தேழாவது கப்பலில் மராமத்து ஓவர்சியர் குடும்பம் கராச்சர்மாவுக்கு மாற்றலாகிப் போயிற்று. அவர் வீட்டுப் பிள்ளைகள் இரட்டையர். ஒன்பது.

தட்டிக்கு அந்தப் பக்கம் வங்காள ஆசிரியர் பிஸ்வாஸ். என் வயதுதான், இருவருக்கும் ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே அடுப்பு. நாங்கள் பேசுவது ஹிந்தியில்; இரண்டு பேரும் தப்பாகப் பேசுவதால் நன்றாகப் புரியும். அவர் வகுப்பில் ஒரு குடும்பம் நிலம் மாற்றிக்கொண்டு திக்லிபூர் பக்கம் போய்விட்டது. அங்கேயும் ஒன்பது.

இருபத்தெட்டாவது கப்பலில் வந்த சாக்கில், இன்ஸ்பெக்டர் முப்பதாவது கப்பலில் வருகிறார், தலை எண்ணுவார் என்று இருந்தது.

பிரிவு கலைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு ஹிந்தி பேச வரும், எழுத வராது. ஆகவே நான்காம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பில் உட்கார வைப்பார்கள். சரவணன் அப்பா ஒருநாள் என்னை ஆலை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"சார், கிளாஸ் போயிருமாமே?"

"போகாதுண்ணே. பாத்துக்கிறேன்."

"போச்சுன்னா அவனைக் கப்பலேத்தி மெயின்லேண்டுக்கு அனுப்பிடுவேன் சார். சித்தப்பன் வீட்ல இருந்து படிக்கட்டும். ரெண்டாப்புல போய் உக்கார வைக்க மாட்டேன். அவங்க அம்மா இப்பவே அழ ஆரம்பிச்சிட்டா."

ஒன்பது வீட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சு. பத்து வயதுப் பிள்ளையைத் தனியாகக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்புவது. ரயில் எதற்கு என்று தெரியாத பையனைச் சென்னையில் இறக்கி ரயிலில் ஏற்றுவது. 'பாத்துக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்போதுதான் ஸ்டெல்லா நினைவுக்கு வந்தாள்.

5

ஸ்டெல்லாவின் அப்பா சூசை தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். மீன்பிடிக்க வந்து தங்கியவர். அம்மா பாருல், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். பள்ளியில் சேர்க்கும் நாளன்று தாய்மொழி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கணவன் மனைவிக்குள் தகராறு வந்து, வரிசை நீண்டுகொண்டே போனதால் நாயர் சார் ஹிந்தி என்று எழுதிவிட்டார். நாயர் சாரே நடத்தும் நான்காம் வகுப்பு ஹிந்திப் பிரிவில் நாற்பது பேர். ஒருத்தி போனால் அவர்களுக்குத் தெரியாது. அவள் தமிழ் பேசுவாள்; அப்பா பெயர் தமிழ்ப் பெயர். எனக்குப் பத்தாவது கிடைத்தாயிற்று.

மறுநாள் இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு முறுக்கு கொடுத்தேன். முறுக்கு என்று சொல்வது மரியாதைக்காக. கப்பலில் வந்ததில் அது தூளாகிவிட்டது. ஸ்பூனால் அள்ளிக் கையில் போட்டேன்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு சார். ஆனா இது என்னது?"

"முறுக்கு. தமிழ்ப் பலகாரம். நம்ம கிளாசுக்கு வந்தா தினமும் கிடைக்கும்."

தலையாட்டினாள். தினமும் வந்தாள். ஆனால் முறுக்குத் தூள் தின்பதற்கு முன்னாலேயே அவள் வாயோரம் எப்போதும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கவனித்தேன். எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவும் வேகமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை நான் முன்கூட்டியே எழுந்து அடுப்படிக்குப் போனபோது, பிஸ்வாஸ் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார்.

"பிஸ்வாஸ் பாபு, இது யாருக்கு?"

"எனக்குத்தான், முருகேசன் பாபு. வயிறு சரியில்லை."

"வயிறு சரியில்லாதவர் பாயசமா சாப்பிடுவார்?"

"வங்காளிகள் சாப்பிடுவோம்," என்றார்.

அவர் என் கையிலிருந்த முறுக்கு டின்னைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தேன்.

"அவள் அம்மா வங்காளி," என்றார் கடைசியில்.

"அப்பா தமிழர்."

"கட்டத்தில் தாய்மொழி என்றுதானே போட்டிருக்கிறது?"

"குழந்தை என்னிடம் தமிழில்தான் பேசுகிறது."

"என்னிடம் வங்காளத்தில் பேசுகிறது. சாப்பாடு யார் கையில் இருக்கிறதோ அவர் மொழியில் பேசுகிறாள். மிகவும் புத்திசாலிப் பெண். அதனால்தான் வேண்டும் என்கிறேன்."

சண்டை போட முடியவில்லை. அவருடைய ஒன்பது பேரும் என் ஒன்பது பேரைப் போலத்தான். அவர்களுக்கும் இரண்டாம் வகுப்புதான் காத்திருந்தது; கல்கத்தாவில் சித்தப்பா இல்லாதவர்கள் வேறு. எவர் வகுப்புக்கு வருவது என்பதை ஸ்டெல்லாவே சொல்லட்டும், அதுவரை சர்க்கரையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

ஸ்டெல்லா சொல்லவில்லை. இரண்டு கப்பல் காலமும் இரண்டையும் சாப்பிட்டாள்.

6

இன்ஸ்பெக்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பள்ளி கல்யாண வீடாகிவிட்டது. சிப்பிச் சுண்ணாம்பு அடித்தோம். எழுத்து அட்டைகள் மாட்டினோம். பிள்ளைகள் நங்கூரம் போட்ட ரயில்களையும் ஒட்டினேன். நாயர் சார் பெட்டியிலிருந்து கோட்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். அதிலிருந்து மூன்று பாச்சை உருண்டைகள் உருண்டன. காலை பத்து மணிக்கு நான் பிரம்பும் கையுமாக வகுப்பில் நின்றேன். பிள்ளைகள் எண்ணெய் வைத்துச் சீவி உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது கப்பல் சங்கு ஊதியது.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கூரைக்குக் கீழே நாங்கள் மூன்று பேரும் பெஞ்சுகளும்தான் மிச்சம். கப்பல் வந்தால் மாயாபந்தரே ஜெட்டிக்கு ஓடும். கடை பூட்டும், ஆலை நிற்கும், பள்ளிக்கூடம் காலியாகும். கப்பல் நாளில் வருகைப் பதிவேட்டை ஜெட்டிக்கே எடுத்துப் போய்ப் பேர் கூப்பிடுவதுதான் வருஷக்கணக்கான வழக்கம். இன்ஸ்பெக்டர் கப்பலில் வருகிறார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். கப்பல் வந்தால் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள் என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசித்தவர் ஒருவரும் இல்லை.

நாயர் சார் சுண்ணாம்படித்த சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். "மாஷே," என்றார், "ரெஜிஸ்டரை எடு. ஓடு."

ஓடினோம்.

இன்ஸ்பெக்டரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். முகம் வாழைக்காய் நிறத்தில் இருந்தது. மூக்கில் ஒரு எலுமிச்சம்பழம். அரிசி மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து கண்ணைத் திறந்தார்.

"பள்ளிக்கூடம் எங்கே?"

நாயர் சார் குன்றின் உச்சியைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் குன்றைப் பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"சாமான் இறக்கி முடிக்க எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் சார்."

"அப்படியென்றால் பள்ளிக்கூடம் இங்கே வரட்டும்," என்றார்.

நானும் பிஸ்வாஸும் பிள்ளை பிடிக்கப் போனோம். இரண்டு பேர் வலையில் ஆடு இறங்குவதை வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி வெங்காய மூட்டைமேல் படுத்திருந்தாள். சரவணன் கிரேன்காரருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவழியாகத் தமிழ்ப் பிரிவைச் சிமெண்டு மூட்டைகள் ஓரமாகவும், வங்காளப் பிரிவைக் கெரசின் பீப்பாய்கள் ஓரமாகவும் நிறுத்தினோம்.

இன்ஸ்பெக்டர் பேனாவால் எண்ணினார். "இங்கே ஒன்பது. அங்கே ஒன்பது. இரண்டும் கலைய வேண்டியதுதான்."

"இன்னொருத்தி இருக்கிறாள் சார்," என்றேன்.

"எனக்கும் இன்னொருத்தி இருக்கிறாள் சார்," என்றார் பிஸ்வாஸ்.

இரண்டு பேரும் கையை நீட்டினோம். இரண்டு கைகளும் ஒரே ஆளைக் காட்டின. மூட்டைக்கும் பீப்பாய்க்கும் நடுவே ஸ்டெல்லா நின்று விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். யாரோ கொடுத்த வெல்லம்.

இன்ஸ்பெக்டர் அவளை அருகே அழைத்தார். "பேட்டீ, நீ எந்த வகுப்பில் படிக்க விரும்புகிறாய்?"

ஸ்டெல்லா ஹிந்தியில் தெளிவாகச் சொன்னாள்: "சாப், இந்த சார் தூள் தர்றார். அந்த சார் பாயேஷ் தர்றார். ரெண்டும் நல்லாருக்கு. ஹிந்தி சார் ஒண்ணும் தர்றதில்ல."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், பிஸ்வாஸைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் பாருல் மீன் கூடையோடு வந்து சேர்ந்தார். மாமியாரோடு சண்டை போடுவதற்கென்றே தூத்துக்குடித் தமிழ் கற்றவர். மாமியார் ஊருக்குத் திரும்பிய பிறகும் மொழி துருப்பிடிக்கவில்லை.

"ஏட்டி மூதி, பள்ளிக்கூடம் போறேன்னுட்டு இங்கன வந்து வெயில்ல கருவாடா காயுதியா? சட்டையில என்னட்டி அது, வெல்லமா? நேத்துதான தொவச்சுப் போட்டேன்." அதே மூச்சில் பிஸ்வாஸ் பக்கம் திரும்பி வங்காளத்தில் ஏதோ கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் ஹிந்தியில்: "சாப், நல்ல மீன் இருக்கு. உங்களுக்கு இப்ப வேண்டாம், முகத்தைப் பாத்தாலே தெரியுது."

"அம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், "உங்கள் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?"

"எந்த நேரத்துல சாப்? அவர் கடல்ல இருக்கையில நானும் பிள்ளைகளும் வங்காளம். கரைக்கு வந்துட்டார்னா தமிழ். மூணு பேரும் சேர்ந்து அவரைத் திட்டணும்னா ஹிந்தி."

இன்ஸ்பெக்டர் படிவத்தை எடுத்துக் கட்டத்தைத் தேடினார். அந்தக் கட்டம் ஒரு சொல் எழுதும் அளவே இருந்தது. பேனா அதன்மேல் நின்றது. அவர் தமிழ் என்று எழுதினால் பிஸ்வாஸின் ஒன்பது பேர் போவார்கள். வங்காளம் என்று எழுதினால் சரவணன் போவான். சாமான் பாதி இறங்கியிருந்தது; முடிந்ததும் அவர் திரும்பிப் போகும் கப்பல் கிளம்பிவிடும்.

வாயைத் திறந்தபோது 'தமிழ் சார்' என்று சொல்லத்தான் திறந்தேன். பீப்பாய்கள் ஓரமாக நின்ற ஒன்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டி வழியே ஒரு வருஷமாக எனக்குப் பாட்டுப் பாடியவர்கள். வாயிலிருந்து வந்தது வேறு.

"சார், மும்மொழித் திட்டம்."

"என்ன?"

"ஒவ்வொரு பிள்ளையும் மூன்று மொழி படிக்க வேண்டும் என்பதுதானே சார் இப்போது தேசத்தின் கொள்கை? சர்க்குலர் வந்திருக்கிறது, நான் ஏழு முறை படித்தேன். பத்துப் பிள்ளைகள் வேண்டும் என்று விதி சொல்கிறது. ஒரு பிள்ளையை ஒரு பிரிவில்தான் எண்ண வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. இவள் காலையில் தமிழ்ப் பிரிவு, மதியம் வங்காளப் பிரிவு. நடுவில் ஹிந்தி. இந்த யூனியன் பிரதேசத்திலேயே கொள்கையை முழுசாக அமல்படுத்தும் ஒரே பிள்ளை இவள்தான் சார்."

பிஸ்வாஸ் உடனே, "இரண்டிலும் பத்து சார்," என்றார்.

இன்ஸ்பெக்டர் பையைத் திறந்து காகிதக் கட்டைப் புரட்டினார். காற்றில் இரண்டு தாள்கள் கடலுக்குப் போயின. அவர் எழுந்து பிடிக்க முயலவில்லை. படித்தார். திருப்பிப் படித்தார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார்.

"கூடாது என்று இல்லைதான்," என்றார் மெதுவாக. "கூடும் என்றும் இல்லை. அடுத்த கமிஷன் பார்த்துக்கொள்ளட்டும்." இரண்டு பட்டியலிலும் பத்தாவது வரியில் ஸ்டெல்லா என்று எழுதினார். பிறகு எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்து, "பதிவேட்டில் எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனால் இரண்டும் போகும். ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்த்தேன், சரவணன் சிமெண்டு மூட்டைமேல் ஏறி நின்று வங்காளப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். இரண்டு பிரிவும் கூடச் சேர்ந்து பாடியது. பாருல் அம்மா மட்டும் எங்களை முறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வகுப்புப் பாடத்தை எந்தப் பிள்ளை படிக்கும் என்று அவர்தான் முதலில் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

7

ஸ்டெல்லா எட்டு நாள் தாக்குப்பிடித்தாள். காலையில் என்னிடம் பெருக்கல், மதியம் பிஸ்வாஸிடம் அதே பெருக்கல் வேறு எண்ணெழுத்தில். இரண்டு கட்டுரை, இரண்டு மனப்பாடப் பாட்டு, இரண்டு பேருடைய வீட்டுப்பாடம். ஒன்பதாம் நாள் அவள் வரவில்லை. நான் பேர் கூப்பிட்டு ஒன்பதில் நின்றேன். தட்டிக்கு அந்தப் பக்கமும் குரல் ஒன்பதில் நின்றது. பிஸ்வாஸ் தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

நாயர் சாரிடம் வகுப்புகளை ஒப்படைத்துவிட்டு ஓடினோம். மீனவர் குடிசைகளுக்கும் பள்ளிக்கும் நடுவே ஓர் ஓடை இருக்கிறது. குறுக்கே கிடந்த மரத்தை மழை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறினோம்.

பாருல் அம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தினார். என்னைத் தமிழில் திட்டினார். அதையே பிஸ்வாஸுக்கு வங்காளத்தில் திட்டினார். மொழிபெயர்ப்பில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று பிஸ்வாஸ் பிறகு உறுதிசெய்தார். சூசை வலையைத் தைத்தபடி, "விடு பாருல், வாத்தியார்மாரு பாவம்," என்று ஒரே ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். அவருக்கும் கிடைத்தது.

ஸ்டெல்லா உள்ளிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். எங்கள் இடுப்புக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"நான் வரலைன்னா ரெண்டு கிளாசும் பந்த் ஆயிருமா சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆயிரும்," என்றேன்.

"சரவணன் கப்பல்ல போயிருவானா?"

"போயிருவான்."

அவள் நகத்தைக் கடித்தாள். பிறகு நிபந்தனைகளை அடுக்கினாள். வீட்டுப்பாடம் ஒருநாள் ஒருவர்தான் தரலாம். பெருக்கலை ஒரு பக்கம் செய்தால் மறுபக்கம் செய்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பாட்டுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எந்த மொழி என்று அவள் முடிவு செய்வாள். நாங்கள் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டோம். கல்விக் கமிஷன்கள் எத்தனையோ படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் ஒரு பரிந்துரையைப் பார்த்ததில்லை.

"அப்புறம்," என்றாள், "மழை நிக்கிற வரைக்கும் நாலாவத் தாண்ட என்னைத் தூக்கிட்டுப் போகணும். எனக்குக் கால் நனைஞ்சா அம்மா அடிக்கும்."

நாலா என்பது ஓடை. அன்றிலிருந்து தூக்குகிறோம். போகும்போது நான், திரும்பும்போது பிஸ்வாஸ். மழை இன்னும் நிற்கவில்லை. சரவணனும் இன்னும் இங்கேதான் இருக்கிறான். இரண்டு பதிவேட்டிலும் எண்ணிக்கை பத்துக்குக் கீழே இறங்கவில்லை.

பயிற்சிப் பள்ளி விடுதியில் நாம் ஒருமுறை மணிக்கணக்காக வாதாடினோமே, இந்த நாட்டின் கல்விக் கொள்கை பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத பாரமா இல்லையா என்று. அன்று நான் இல்லை என்ற கட்சியில் பேசினேன். இன்று காலை நடு ஓடையில் நின்றபடி யோசித்துப் பார்த்தேன். தோளில் தூக்கிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருபத்தாறு கிலோ இருக்கும். முதல் நாள் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. பிஸ்வாஸிடம் கேட்டேன். அவருக்கும் அப்படித்தான் தோன்றுகிறதாம்.